வராதென்றிருந்த மறுமொழி

இளம் பருவத்தில் யாரேனும் ஒரு பெரியாரை உள்ளத்தில் வைத்துப் போற்றாதவர் அரியர். சிலர்க்கு அவர் கவிஞர், சிலர்க்குத் தேசத் தலைவர், சிலர்க்குப் பாடகர், வேறு சிலர்க்குத் துடுப்பாட்ட வீரர். அவர் படத்தைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துப் புத்தகத்துள் வைத்துக்கொள்வதும், அவரைப் போல நடக்கவும் பேசவும் முயல்வதும் அப்பருவத்தின் இயல்பு. இவையெல்லாவற்றினும் துணிகரமான செயல், அப்பெரியாருக்கே ஒரு கடிதம் எழுதிவிடுவதுதான். மறுமொழி வராதென்பது எழுதுகின்ற பிள்ளைக்கும் உள்ளூரத் தெரியும். ஆயினும் எழுதுவான், எழுதித் தபாற் பெட்டியில் இட்ட பின், தெருவிலே துவிச்சக்கரவண்டியின் மணியோசை கேட்கும்போதெல்லாம் படலையை எட்டிப் பார்ப்பான்.

பெரும்பாலான கடிதங்களின் கதை அவ்வளவில் முடிந்துவிடுகிறது. பெரியோர்க்கு நேரமில்லை, வரும் கடிதங்களோ பல. அதனைக் குற்றமென்று நாம் கூறப் புகவில்லை. எனினும் எப்போதாவது ஒரு கடிதத்துக்கு மறுமொழி வந்துவிடுகிறது. அங்ஙனம் வந்ததொரு மறுமொழியின் வரலாற்றையே இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். ருஷ்யாவில் எழுதப்பட்டுப் பிரான்சுக்குச் சென்ற மறுமொழி அது. அதன் பயனோ நம் அயலான பாரத தேசம் வரை வந்து சேர்ந்தது.

ரொமேன் ரோலந்து என்னும் பெயரை நம்மவருட் பலர் அறிவர். இராமகிருஷ்ண பரமஹம்சருடைய வரலாற்றை 1929ஆம் ஆண்டிலும், சுவாமி விவேகானந்தருடைய வரலாற்றை 1930ஆம் ஆண்டிலும் பிரெஞ்சு மொழியில் எழுதி ஐரோப்பியர்க்கு அறிமுகஞ் செய்த பேரறிஞர் அவர். 1897ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்பிற் கரையிறங்கி, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலே வேதாந்தத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய அதே விவேகானந்தரை, இந்தியாவை ஒருமுறையேனும் கண்டிராத ஒரு பிரெஞ்சுக்காரர் இத்துணை நெருக்கமாக உணர்ந்தது எவ்வாறு என்று வியப்போர் உளர். அதற்கு விடை தேடினால், அவருடைய இருபத்தோராம் வயதில் வந்து சேர்ந்த ஒரு கடிதத்தின் முன் போய் நிற்போம்.

ரோலந்து 1866ஆம் ஆண்டு பிரான்சு தேசத்துக் கிளாம்சி என்னும் சிற்றூரிற் பிறந்தவர். நலிந்த உடல், கூர்ந்த உள்ளம். தாயார் சங்கீதத்தில் ஈடுபாடுடையவர். அவரிடமிருந்து பெற்ற பியானோவே பிள்ளைக்கு முதற் தோழனாயிற்று. மகனுடைய கல்வியின் பொருட்டுக் குடும்பம் 1880ஆம் ஆண்டில் ஊரைவிட்டுப் பாரிஸ் நகருக்குப் பெயர்ந்தது. பிள்ளையின் படிப்புக்காகக் காணியையும் வீட்டையும் விட்டுப் பட்டினம் சேர்ந்த பெற்றோரை நாமும் அறிவோமாதலின், அதன் பாரத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1886ஆம் ஆண்டில், ஆசிரியர்களையும் அறிஞர்களையும் உருவாக்கும் புகழ்பெற்ற உயர்கலாசாலையான எக்கோல் நோர்மாலில் அவருக்கு இடங் கிடைத்தது.

அக்காலத்திலேதான் டால்ஸ்டாயின் நூல்கள் பிரெஞ்சு மொழியிற் பெயர்க்கப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்துகொண்டிருந்தன. 'போரும் சமாதானமும்', 'அன்னா கரீனினா' ஆகியவற்றை அம்மாணாக்கர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறித்துப் படித்தார்கள். ரோலந்துக்கோ அவர் வெறும் நூலாசிரியரல்லர்; வழிகாட்டி. தம் குழந்தைப் பருவத்துச் சமய நம்பிக்கையை இழந்து, பற்றுக்கோடின்றி நின்ற அவ்விளைஞர்க்கு, ருஷ்ய நாட்டுக் கிராமமொன்றில் உழவரோடு உழவராய் ஏர்பிடித்தும், தம் கையாற் சப்பாத்துத் தைத்தும் வாழ்ந்த அக்கிழவர் ஒரு முனிவராகவே தோன்றினார்.

அம்முனிவரின் புத்தகமொன்று அவருடைய நெஞ்சிலே முள்ளாய்த் தைத்தது. 'இனி நாம் செய்யவேண்டியது யாது?' என்னும் பொருள்பட்ட தலைப்புடைய நூல் அது. மொஸ்கோ நகரத்து ஏழைகளின் நிலையை நேரிற் கண்டு மனம் வெதும்பிய டால்ஸ்டாய், கல்விமான்களும் கலைஞர்களும் உழைப்பாளியின் தோளில் ஏறியிருந்துகொண்டு தம் தொழிலை உயர்ந்ததென்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று அதிலே கடிந்திருந்தார்.

இதைப் படித்த இளைஞரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் அவர் தெய்வமெனப் போற்றும் டால்ஸ்டாய். மறுபுறம் அவர் உயிர்மூச்சான பீத்தோவனின் இசையும் ஷேக்ஸ்பியரின் நாடகமும். ஒன்றைப் பற்றினால் மற்றதைக் கைவிட வேண்டும் போலிருந்தது. தாய் தந்தையர் ஊரை விட்டு வந்தது எதன் பொருட்டோ, அந்தக் கல்வியே பாவமென்றால், அவர் யாரிடம் போய்க் கேட்பார்? பேராசிரியர்களிடம் கேட்கக்கூடிய கேள்வியன்று அது. ஆகவே, காயத்தை உண்டாக்கியவரிடமே மருந்தையும் கேட்கத் துணிந்தார். 1887ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டால்ஸ்டாய்க்குக் கடிதம் எழுதினார்.

வேனில் கழிந்தது, மறுமொழியில்லை. செப்டெம்பர் மாதத்தில் மீண்டும் ஒரு கடிதம் எழுதினார். ஒக்டோபரில் ருஷ்ய முத்திரையொட்டிய தபால் வந்தது. பிரித்துப் பார்த்தால், பக்கம் பக்கமாக நீண்டு செல்லும் கடிதம். சிறு நூலென்றே சொல்லத்தக்கது. இளைஞருக்கு எளிதில் விளங்கும்படி பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது. தொடக்கத்திலே, 'அன்புள்ள சகோதரரே' என்றிருந்தது.

எழுதியவருக்கு அப்போது வயது ஐம்பத்தொன்பது. உலகப் புகழ் படைத்தவர்; பிரபு குலத்தவர். பெற்றவரோ பெயரறியப்படாத மாணாக்கர். 'மகனே' என்றிருக்கலாம், 'ஐயா' என்று மரியாதைக்கு எழுதியிருக்கலாம். இரண்டுமின்றிச் 'சகோதரர்' என்றார். கங்கைக் கரையிலே ஓடம் விடும் வேடனைத் தழுவித் தம்பியென்று ஏற்ற இராமபிரானின் செயலை நம்மவர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி உருகுகின்றோம். குகனுக்கு இராமன் நாடு நகரம் எதுவும் கொடுத்தானில்லை. உறவு ஒன்றையே கொடுத்தான். இங்கும் அதுவே நிகழ்ந்தது.

கடிதத்தின் உட்பொருளைச் சுருக்கிச் சொல்வோம். முதற் கடிதமே தம் நெஞ்சைத் தொட்டதென்றும், கண்ணீரோடு அதைப் படித்ததாகவும், உடனே எழுத நேரங் கிட்டவில்லையென்றும் டால்ஸ்டாய் முதலிற் கூறினார். பின்னர் கேள்விக்கு வந்தார். எந்தத் தொழிலுக்கும் அடிப்படையாய் இருக்கவேண்டியது அத்தொழிலின் மேலுள்ள ஆசையன்று, மனிதர்மேலுள்ள அன்பேயாகும் என்றார். மெய்யான கலையும் மெய்யான அறிவும் தியாகத்திலிருந்து பிறப்பன. சுகத்தையும் சலுகையையும் எதிர்பார்த்து வருவன அல்ல என்றார். பிறர் உழைப்பில் வாழாமல் தன் கையால் உழைப்பது ஏன் கடமையாகும் என்பதையும் படிப்படியாக விளக்கினார். ஓர் இளைஞனின் ஐயத்தை, பண்டிதரொருவரின் வாதத்துக்கு விடையிறுப்பது போல அத்துணைப் பொறுப்போடு எடுத்துக்கொண்டார்.

அக்கடிதத்தை ரோலந்து எவ்வாறு ஏற்றார் என்பதே நாம் கவனிக்கவேண்டிய இடம். தம் குருவின் சொல்லை அப்படியே பின்பற்றிக் கலையைத் துறந்தாரா எனின், இல்லை. அவர் சங்கீத வரலாற்றுப் பேராசிரியரானார். 1903ஆம் ஆண்டில் அவருக்குப் புகழ் தேடித் தந்த சிறு நூல் பீத்தோவனின் வாழ்க்கை வரலாறேயாகும். டால்ஸ்டாயோ பிற்காலத்தில் எழுதிய 'கலை என்றால் என்ன?' என்னும் நூலிலே, பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியையே நல்ல கலையன்று என ஒதுக்கியவர்! 1904 தொடக்கம் 1912 வரை பத்துப் பகுதிகளாக வெளிவந்த ரோலந்தின் பெருநாவலான 'ஜான் கிறிஸ்தோப்' ஓர் இசைஞனின் கதை. 1915ஆம் ஆண்டுக்குரிய இலக்கிய நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

நம் பாரதக் கதையில் ஏகலைவனென்றொரு மாணாக்கன் வருகிறான். துரோணரை மண்ணாற் செய்து வைத்து, அவ்வுருவத்தின் முன்னின்று வில் பயின்றான். ஒருநாள் குரு நேரிலேயே எதிரில் வந்து நின்றார். வந்தவர் அவன் வலக்கைப் பெருவிரலைக் கேட்டு வாங்கிச் சென்றார். இலட்சிய புருஷரிடமிருந்து வரும் மறுமொழி இப்படியும் அமையலாம். ரோலந்துக்கு வந்த மறுமொழி அத்தகையதன்று. அது வந்த பின்னரும் அவர் பெருவிரல் அவரிடமே இருந்தது. அவ்விரலாலே பியானோவை வாசித்துக்கொண்டே அவர் டால்ஸ்டாயின் அன்பராயும் வாழ்ந்தார். 1910ஆம் ஆண்டில் டால்ஸ்டாய் மறைந்தபோது, அடுத்த ஆண்டிலேயே அவருடைய வரலாற்றையும் எழுதி வெளியிட்டார். இருவரும் நேரிற் கண்டதில்லை.

அப்படியாயின், அம்மறுமொழி அவருக்குச் செய்ததென்ன? அதனை ரோலந்தின் நண்பரும், 1921ஆம் ஆண்டில் அவருடைய வரலாற்றை எழுதியவருமான வியன்னா நகரத்து எழுத்தாளர் ஸ்டீபன் ஸ்வைக் எடுத்துக் காட்டுகிறார். மனம் நொந்து எழுதும் ஒருவருக்கு மறுமொழி எழுதுவது தயவன்று, கடமையென்பதை அன்று ரோலந்து கற்றுக்கொண்டார். அன்று தொட்டுத் தம்மை நாடி எழுதினோர்க்கெல்லாம் அவர் எழுதினார். டால்ஸ்டாய்க்குப் பட்ட கடனை டால்ஸ்டாய்க்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லை, பின்வருவோர்க்கே கொடுக்கலாம். அதனை அவர் கொடுத்த விதம் வியக்கத்தக்கது.

1914ஆம் ஆண்டு ஐரோப்பாவிற் பெரும்போர் மூண்டபோது ரோலந்து சுவிற்சர்லாந்தில் இருந்தார். பகைமை வெறியைக் கண்டித்து எழுதியமையால், சொந்த நாட்டினராலே துரோகியென்று தூற்றப்பட்டார். அக்காலத்தில் ஜெனீவா நகரில், சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் போர்க் கைதிகளைப் பற்றிய தகவல் நிலையமொன்றைத் திறந்தது. போர்க்களத்தில் மகனைத் தேடும் தாயும், கணவனைத் தேடும் மனைவியும் அங்கே எழுதுவர். சிறைப்பட்ட போர்வீரர்க்கேனும் பெயர்ப்பட்டியல் உண்டு. போரில் அகப்பட்டு எங்கோ கொண்டுசெல்லப்பட்ட சாதாரண குடிமக்களுக்கு அதுவுமில்லை. அவர்களைத் தேடுவதற்கென டாக்டர் பெரியேர் என்பவர் ஒரு தனிப்பகுதியை நடத்தினார். அப்பகுதியிலே, ஐரோப்பாவறிந்த நாவலாசிரியராகிய ரோலந்து, சம்பளமில்லாத் தொண்டராக 1914 ஒக்டோபரிலிருந்து பல மாதங்கள் ஒரு சிறு மேசையின் முன்னமர்ந்து கடிதங்களைப் பிரித்தார், வகைப்படுத்தினார், மறுமொழி எழுதினார்.

அக்கடிதங்களை எழுதியவர்கள் அவருடைய நாவலைப் படித்தவர்களல்லர். பலர் எழுத்துக் கூட்டி எழுதுவோர். அவர்கள் கேட்டதும் ஒரேயொரு கேள்விதான்: 'உயிரோடிருக்கிறாரா?' காணாமற் போனவரைப் பற்றி எழுதிய கடிதத்துக்கு மறுமொழி வராதிருப்பதன் பாரம் எத்தகையதென்பதை, நம் நாட்டு அன்னையர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 'இன்னும் தகவல் இல்லை. தேடுகிறோம்' என்று வரும் இரண்டு வரியுங்கூட, தம்மை யாரோ ஒருவர் கணக்கில் எடுத்திருக்கிறார் என்னும் ஆறுதலைத் தரும். மௌனமோ, இழந்தவரை இரண்டாம் முறையும் இழக்கச் செய்யும். இளைஞராயிருந்தபோது பல மாதம் காத்திருந்து பெற்ற கடிதத்தின் அருமை ரோலந்துக்குத் தெரிந்திருந்தது. அதனாலேயே அம்மேசையின் முன் அவரால் அமர முடிந்ததென்று நாம் கருதுகிறோம்.

டால்ஸ்டாயின் மறுமொழிகள் பிரான்சோடு நின்றுவிடவில்லை. அவருடைய நூற்றொகை தொண்ணூறு தொகுதிகளாக அச்சிடப்பட்டுள்ளது. அவற்றுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கடிதங்களேயாகும். 1908ஆம் ஆண்டில் தாரகநாத் தாஸ் என்னும் வங்காள இளைஞர், இந்திய விடுதலைக்கு ஆதரவு கேட்டு அவருக்கு எழுதினார். அதற்கு அவர் வரைந்த நெடிய மறுமொழியே 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' எனப் புகழ்பெற்றது. அதனுள்ளே நம் திருக்குறளின் 'இன்னா செய்யாமை' அதிகாரத்துக் கருத்துகளை டால்ஸ்டாய் எடுத்தாண்டிருப்பது தமிழராகிய நமக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி தருவது. தீங்கு செய்தவனை நன்மை செய்து நாணச் செய்யவேண்டும் என்ற வள்ளுவர் வாக்கு, ருஷ்யக் கிராமமொன்றிலிருந்து மறுபடியும் ஓர் இந்தியர்க்கே போய்ச் சேர்ந்தது! தாஸ் அவ்வறிவுரையை ஏற்கவில்லை. ஆயினும் அக்கடிதத்தின் பிரதியொன்று வேறோர் இந்தியரின் கையை எட்டியது. அவர்தாம் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

தென்னாபிரிக்க இந்தியரின் குறைகளை எடுத்துரைக்க இலண்டன் சென்றிருந்த காந்தியடிகள், 1909ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் தேதி டால்ஸ்டாய்க்கு எழுதினார். டால்ஸ்டாயின் நூலை இளமையிலே படித்து உள்ளம் பறிகொடுத்திருந்த அவர், அக்கடிதத்தை அச்சிட அனுமதி கேட்டார். அவருக்கும் அன்பு கனிந்த மறுமொழி வந்தது. 1910ஆம் ஆண்டில் ஜொகன்னஸ்பேர்க்குக்கு அண்மையில், சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் வாழ்வதற்காக ஒரு பண்ணை அமைந்தபோது, அதற்கு 'டால்ஸ்டாய் பண்ணை' என்றே பெயரிடப்பட்டது. அங்கே வாழ்ந்தவருள் தமிழர் பலர். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காந்தியடிகளே, தாம் சிறையிலும் கப்பலிலும் போப்பையரின் புத்தகத்தைப் பார்த்துக் கற்ற தமிழைக் கொண்டு, தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். டால்ஸ்டாயின் கடைசிக் காலத்து நீண்ட கடிதங்களுள் ஒன்று, 1910 செப்டெம்பரில் காந்தியடிகளுக்கு எழுதியதேயாகும்.

இனி, இவ்விரு கிளைகளும் ஒன்றுசேர்ந்த இடத்தைக் காண்போம். ரோலந்து 1924ஆம் ஆண்டிற் காந்தியடிகளைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். பீத்தோவனின் இசையிலே மனம் பறிகொடுத்திருந்த ஓர் ஆங்கிலக் கடற்படைத் தளபதியின் மகள், பீத்தோவனைப் பற்றி எழுதிய ரோலந்தைத் தேடிச் சென்றார். ரோலந்து அவருக்குக் காந்தியடிகளைப் பற்றிச் சொன்னார். அப்பெண்மணி நூலைப் படித்தார், காந்தியடிகளுக்கு எழுதினார், ஆச்சிரம வாழ்க்கையின் கடுமையை மறைக்காது எடுத்துரைத்த மறுமொழி அவருக்கும் வந்தது. 1925ஆம் ஆண்டு சபர்மதி வந்து சேர்ந்து, மீராபென் என்னும் பெயரோடு பாரத மக்களுக்குத் தொண்டு செய்தார். 1931ஆம் ஆண்டு டிசெம்பரில், வட்டமேசை மகாநாட்டிலிருந்து திரும்பும் வழியிற் காந்தியடிகள் சுவிற்சர்லாந்தின் வில்நேவ் என்னும் ஊருக்குச் சென்று ரோலந்தின் விருந்தினராகச் சில நாள் தங்கினார். மீராபென்னும் உடனிருந்தார். அங்கே ரோலந்து பியானோவின் முன் அமர்ந்து, பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியிலிருந்து ஒரு பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினார். டால்ஸ்டாயிடம் மறுமொழி பெற்ற இருவர், அவர் ஏற்க மறுத்த இசைஞனின் இசைக்கு ஒரே கூரையின் கீழ் செவிசாய்த்திருந்தனர். டால்ஸ்டாய் இருந்திருந்தால் வருந்தியிருப்பாரோ, மகிழ்ந்திருப்பாரோ, அதனை நேயர்களின் முடிவுக்கே விடுகிறோம்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? நாம் யாவரும் டால்ஸ்டாய் அல்லேம். ஆயினும் நம்மினும் இளையோர் யாரோ ஒருவருக்கு நாம் ஒவ்வொருவரும் பெரியவரே. ஆசிரியருக்கு மாணாக்கன் எழுதுகிறான். வெளிநாட்டிலிருக்கும் மாமாவுக்கு மருமகள் எழுதுகிறாள். பத்திராதிபருக்கு முதற் கவிதையை ஒருவன் அனுப்புகிறான். உத்தியோகத்தருக்கு ஊரிலுள்ள முதியவள் விண்ணப்பம் எழுதுவிக்கிறாள். இன்று கடிதம் குறைந்து கைத்தொலைபேசியிற் செய்தி வந்து விழுகிறது. கருவி மாறினாலும், எழுதியவர் காத்திருப்பது மாறவில்லை. கைகூப்பிய படமொன்றையோ, எல்லோர்க்கும் பொதுவாய் எழுதி வைத்த வாசகமொன்றையோ அனுப்பிவிடுதல் இப்போது மிக எளிது. அது கிடைத்தமைக்கு அத்தாட்சியாகலாம், மறுமொழியாகாது. கேட்ட கேள்வியைப் படித்து, கேட்டவரை மதித்து, தெரிந்ததைத் தெரிந்த அளவில் எழுதுவதே மறுமொழி. அது நீளமாயிருக்க வேண்டுமென்பதில்லை. தாமதித்து வந்தாலுங் குற்றமில்லை. டால்ஸ்டாயே முதற் கடிதத்துக்குக் காலம் தாழ்த்தவில்லையா?

எழுதுகின்ற இளையோர்க்கும் ஒரு வார்த்தை. கையொப்பமும் படமும் வேண்டி எழுதினால் அவை வரலாம். மேசை அறையில் உறங்கலாம். உள்ளத்தை உறுத்தும் உண்மையான கேள்வியை எழுதுங்கள். ரோலந்து டால்ஸ்டாயைப் புகழ்ந்ததோடு நின்றுவிடவில்லை. அவர் சொல்லை ஏற்கமுடியாத இடத்தையும் மறைக்காமற் சொன்னார். அப்பெரியாரின் கண்ணை நனைத்தது இளைஞரின் அந்த நேர்மையே என்பது எமது துணிபு. இரண்டாம் முறை எழுதவும் வெட்கப்படாதீர்கள்.

முதியோராகிய நாமும் ஒன்று செய்வோம். மேசையிலோ கைத்தொலைபேசியிலோ, 'பிறகு பார்ப்போம்' என்று ஒதுக்கி வைத்த கடிதம் ஒன்றாவது பலரிடம் இருக்கக்கூடும். இன்று ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுள்ள நாள். இப்பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, அதனை எடுத்துப் பிரித்து, அன்புள்ள என்று தொடங்குவோமாக.